தீவுக்கு முன் ஒரு சோதனை ஓட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன், மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா, இங்கே எங்கள் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை, என் முழங்கால் மட்டும் படி ஏறும்போதெல்லாம் நானும் இருக்கிறேன் என்று ஞாபகப்படுத்துகிறது. உடம்பைப் பற்றி இப்படி எழுதிவிட்டேன், மனசைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. இரண்டு வாரமாக எனக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அதிர்ச்சி, ஒன்றிலிருந்து எழுந்து உட்காருவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டு, தீவு விஷயம் என்னம்மா முடிவு பண்ணினீங்க என்று கேட்டாய், நான் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் தண்ணீரும் இல்லை ஒன்றும் இல்லை. போனில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல இது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்தே படி, பேருந்தில் தொங்கிக்கொண்டு படிக்காதே.

முதலில் அந்தப் பெட்டி வந்த கதையிலிருந்து சொல்கிறேன். எங்களுடைய முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நீ ஏதோ அனுப்புகிறாய் என்று தெரியும், கைக்கடிகாரமோ கம்பளியோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். கூரியர்காரர் கொண்டு வந்ததோ இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு பெட்டி, திறந்தால் வழவழவென்று ஒரு புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் கடல், நடுவில் கடுகு போல ஒரு தீவு, தீவுக்கே மொத்தம் பன்னிரண்டு வீடு, ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. உங்கள் இருவருக்கும் மூன்று இரவு என்று அச்சடித்த அட்டை ஒன்று. அதன் கீழே உன் கையெழுத்தில் இன்னொன்று, "அங்க உங்க ரெண்டு பேரையும் யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. அப்பா மனசு கொஞ்சம் இளகட்டும். திரும்பி வந்து என்கிட்ட நாலு வார்த்தை பேசினாப் போதும்" என்று எழுதியிருந்தாய். அதை அப்பா கண்ணில் படாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். நீ எதற்காக இந்தக் காரியம் செய்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ வேலை பார்க்கும் ஊரிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டாய், மறுநாள் போன் போட்டு அப்பாவிடம் அழுது மன்னிப்புக் கேட்டாய், அவர் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிட்டார். அன்றிலிருந்து உன்னிடம் அவர் பேசுவதெல்லாம் ம், சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ, அவ்வளவுதான். நானும் நடுவில் நின்றுகொண்டு, அப்பாவுக்குக் கோபம் இன்னும் தீரலை, நீதான் பொறுத்துக்கணும் என்று மாதாமாதம் உனக்குச் சொல்லி வந்தேன். அந்தக் கோபத்தைக் கரைக்கத்தான் நீ கடலுக்கு நடுவே வீடு பிடித்திருக்கிறாய்.

பெட்டியில் எல்லாம் இருந்தது, விலை மட்டும் இல்லை. அப்பா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார், உறையைத் தலைகீழாக உதறினார். முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்த மனுஷன், எத்தனை பேர் எத்தனை கிலோ என்று தகடு அடிக்காத லிஃப்டில் இன்றைக்கும் கால் வைக்கமாட்டார். "பாரம் எவ்வளவுன்னு தெரியாம எப்படி ஏறுறது" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழ்வீட்டு வங்கிக்காரரிடம் போனார், நானும் பின்னாலேயே போனேன். வங்கிக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டித் தேடி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னார். நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அப்பா மட்டும் நிதானமாக, "மூணு ராத்திரிக்கு இவ்வளவா, கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். வங்கிக்காரர் திரும்பி, "சார், இது ஒரு ராத்திரிக்கு. வரி தனி. தண்ணியில இறங்குற குட்டி விமானம் தனி" என்றார். நான் நாற்காலி எங்கே என்று தடவிப் பார்த்து உட்கார்ந்தேன், அவர் மனைவி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாம் சேர்த்தால் அப்பாவுடைய பதினைந்து மாத ஓய்வூதியம். அப்பா அதை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தூங்குற நேரத்துக்குமா காசு வாங்குறாங்க" என்று கேட்டார். இருபதாம் தேதிக்குள் வேண்டாம் என்று சொன்னால் கட்டிய பணம் முழுக்கத் திரும்பும் என்பதையும் வங்கிக்காரர்தான் படித்துச் சொன்னார். ஏண்டி, உங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு நல்ல சோபா கூட இல்லையே, போன வருஷம் பல்வலியைக்கூடச் செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்டவள்தானே நீ.

அதன் பிறகு மூன்று நாள் அந்தப் புத்தகத்தை நான் வைத்த இடத்தில் வைக்கவில்லை, சமையல் நடுவிலும் எடுத்துப் பார்ப்பேன். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். இருபத்திரண்டு வருஷம் ஹோட்டலில் அறைகளைப் பராமரித்தவள், ஒரு நாளைக்குப் பதினாறு கட்டிலுக்கு விரிப்பு மாற்றி மூலையை மடித்துச் செருகியவள், அதில் ஒன்றிலாவது ஒரு நிமிஷம் சாய்ந்து பார்த்திருப்பேனா, பிடித்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். இந்தப் படத்தில் இருக்கிற கட்டிலைப் பார், நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம், தலையணைக்கு மட்டும் தனிப் பட்டியல், ஒன்பது வகை. குளியலறைக்குக் கூரை கிடையாது, மழை வந்தால் குழாயைத் திறக்கும் வேலை மிச்சம். தரையில் பாதி கண்ணாடி, கீழே மீன் ஓடுவது தெரியுமாம், மீனுக்கும் நாம் தெரிவோம் அல்லவா, அதை யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள், நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே நமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு செய்வாராம், உன் அப்பாவுக்கு அப்படி ஓர் ஆளாக முப்பத்தைந்து வருஷமாக நான் இருக்கிறேன், எனக்குத்தான் யாரும் புத்தகம் போடவில்லை. ஆனால் ஒன்று பார்த்தேன், நூற்று இருபது பக்கத்தில் அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று ஒரு படம் கூடக் கிடையாது. அந்த வெள்ளை விரிப்பைத் துவைத்துக் காயவைக்கிற கொடியும் இல்லை. சுற்றிலும் கடல், அவ்வளவு ஈரத்தில் அது எப்படிக் காய்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி.

யோசனை சொல்வதற்கு ஆளா இல்லை. சித்தி போனில், "அக்கா, பொண்ணு ஆசையாத் தர்றா, பேசாமப் போய்ட்டு வா, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு" என்றாள். கீழ்வீட்டு வங்கிக்காரர், அந்தப் பணத்தை அப்படியே வைப்பில் போட்டால் என்ன வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார், அவர் மனைவி அவர் முழங்கையில் இடித்தார். உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லவேண்டுமானால் எனக்குப் பயமே அதுதான். உன்னிடம் மட்டும்தான் அவர் பேசுவதில்லை என்று நீ நினைக்கிறாய், வீட்டில் என்னிடமும் அப்படித்தான், உன்னிடம் சொன்னால் கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. காவலாளியோடு வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரிப்பார், வங்கிக்காரரோடு ஒரு மணி நேரம் அரட்டை, மேலே வந்தால் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். நான் இரண்டு கேள்வி கேட்டால் ஒன்றுக்கு ம் வரும், இன்னொன்றுக்கு அதுவும் வராது. நான் உன் பக்கம் பேசியதால் என் மேலும் கோபம் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். இங்கேயாவது எதிரில் கடைசல் பட்டறைச் சத்தம் இருக்கிறது, தெரு இருக்கிறது, சித்தி போன் இருக்கிறது. அந்தத் தீவில் பேசாத மனுஷனோடு நான்கு நாள் நான் என்ன செய்வேன், மீனையா பார்த்துக்கொண்டிருப்பேன். பதினைந்து மாத ஓய்வூதியம் கொடுத்து ஊமையாக இருந்துவிட்டு வரவேண்டுமா.

இரண்டாம் தேதி சாயங்காலம் அவரே பேச்செடுத்தார். கட்டடக்காரர்கள் சொல்வதை நம்பி அவர் எந்த லிஃப்டுக்கும் கையெழுத்துப் போட்டவர் இல்லை என்று உனக்குத் தெரியும், இரும்பு எடைக்கற்களை உள்ளே அடுக்கி, சொன்ன பாரத்துக்கு மேல் கால் பங்கு கூட்டி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார். "இதையும் அப்படியே பார்த்துடலாம். ஒரு நாள் பூரா நம்ம வீட்டையே தீவா வச்சுக்குவோம். தாங்குச்சுன்னா போவோம். தாங்கலேன்னா ரத்து பண்ணச் சொல்லிடலாம்" என்றார். நான் கேலி செய்கிறார் என்று நினைத்தேன், அவரோ ஒரு தாளில் விதிமுறைகளை எழுதிக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தார். போன் கிடையாது, டிவி கிடையாது, பேப்பர் கிடையாது, சமையல் கிடையாது, துடைப்பத்தைத் தொடக்கூடாது, காலில் செருப்பு கூடாது, இரண்டு நாற்காலியும் நாங்களும்தான். தீவில் இரைச்சல் இருக்காதாம், அதனால் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கடைசியில் ஃப்ரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிட்டார், பால் கெட்டுவிடும் என்று நான் கத்தியது எடுபடவில்லை. மறுநாள் மாதத்தின் முதல் சனிக்கிழமை, எதிர்ப் பட்டறைக்கு விடுமுறை, அதைப் பார்த்துத்தான் நாளைக் குறித்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம், சாயங்காலம் ஆறு மணிக்கு முடிவு, யார் விதியை மீறினாலும் தாளில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு.

ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் பிடித்து வைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரத்தில் நான் மேஜை விரிப்பைச் சரிசெய்ய எழுந்தேன், ஒரு கோடு. அலமாரி மேல் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தேன், இன்னொரு கோடு. பதினொரு மணிக்குள் எனக்கு ஐந்து, அவருக்கு ஒன்றுதான், சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா என்று தட்டிப் பார்க்க எழுந்ததற்கு, அதையும் நானே போட்டேன். வீடு அப்படி ஓர் அமைதி, இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அப்படி இருந்ததே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, எப்போதும் போலச் சுவரைப் பார்த்து, "இப்படிச் சும்மா உட்கார்றதுக்கா பதினஞ்சு மாசப் பென்ஷன்" என்று முணுமுணுத்தேன். பக்கத்திலிருந்து, "அதைத்தான் நானும் நினைச்சுட்டிருக்கேன்" என்று பதில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் முணுமுணுப்புக்கு அவர் பதில் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. விட்டுவிடக்கூடாது என்று இன்னொன்று கேட்டேன், அதற்கும் பதில் சொன்னார், பிறகு நாங்கள் முதலில் குடியிருந்த ஒற்றை அறை, அதன் கதவு மூடாமல் நாற்காலியை முட்டுக்கொடுத்தது, நீ நாற்காலிக்கு அடியில் புகுந்து சிக்கிக்கொண்டது என்று பேச்சு எங்கேயோ போயிற்று. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சோதனை தேறிவிட்டது, தீவுக்குப் போகலாம் என்றே நான் மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் சாதாரணமாக, "இன்னிக்குத்தான் நீ வாயைத் திறந்து ஒழுங்காப் பேசறே" என்றார். நான் என்ன என்றேன். "ரெண்டு வருஷமா நீயும் அவளும் வாய்க்குள்ளேயே பேசறீங்க. என்கிட்ட எதையோ மறைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். கல்யாணத்தையே மறைச்சவதானே அவ. சரி, சொல்ல இஷ்டமில்லாததை எதுக்கு நோண்டிக் கேக்கணும்னு விட்டுட்டேன்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நான் எப்போதடி வாய்க்குள் பேசினேன், என் குரல் கீழ்வீடு வரைக்கும் கேட்கும் என்று நீயே கிண்டல் செய்வாய். இன்றைக்கு இந்த வீட்டில் மாறியது இரைச்சல் மட்டும்தானே என்று பொறி தட்டியது, எழுந்து போய் ஃப்ரிட்ஜைப் போட்டேன், மின்விசிறியைச் சுழலவிட்டேன், அவர் உடனே ஒரு கோடு போட்டார். அவருக்குப் பின்னால் போய் நின்று, எப்போதும் பேசுகிற குரலில், "உங்க பேனாவைக் குப்பையில போட்டுட்டேன்" என்றேன். ஓய்வு பெற்ற அன்று கிடைத்த அந்தப் பேனாவை நான் நகர்த்தி வைத்தாலே வீடு இரண்டாகும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை சொன்னேன். தலை கூட அசையவில்லை. முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்து, "நான் இப்ப என்ன சொன்னேன்" என்று கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் திருதிருவென்று விழித்து நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். அப்போது மணி பன்னிரண்டரை, சோதனை அதோடு நின்றுபோயிற்று.

அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போக எனக்கு நான்கு நாள் ஆனது. முதலில் ஒன்றும் இல்லை என்றார், பிறகு சளி என்றார், பிறகு புதன்கிழமை தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அங்கே உதவிக்கு இருந்த பெண் பெயரும் வயதும் கேட்டபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார், டாக்டர் கட்டைக் குரலில் கேட்டதற்கெல்லாம் ஒன்று விடாமல் பதில் சொன்னார். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருக்கிறார், பல நேரம் கை மடியிலேயே இருந்தது. வாழ்நாளெல்லாம் மோட்டார் அறையிலும் ஜெனரேட்டர் அறையிலும் நின்றவர்களுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். மெல்லிய சத்தங்கள் முதலில் போய்விடுமாம், ஆண்களின் கனத்த குரல் தங்குமாம், பெண்கள் பேசினால் சத்தம் வரும், சொல் கலங்கிவிடும், பக்கத்தில் இரைச்சல் இருந்தால் அதுவும் போச்சு, போனில் ரொம்ப மோசம் என்றார். அப்பா தலையை ஆட்டி, "ஆமா டாக்டர். குரல் வருது, வார்த்தை வரல" என்றார். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டதற்கு, "நாலஞ்சு வருஷமா இருக்கும், கடைசி ரெண்டு வருஷம் அதிகம்" என்று சொன்னார். யாரிடமும் சொல்லவில்லையா என்றதற்கு, ஆய்வாளருக்குக் காது மந்தம் என்றால் யார் மதிப்பார்கள் என்று ஆரம்பத்தில் மறைத்தாராம், பிறகு அதுவே பழகிவிட்டதாம். காதில் வைக்கும் கருவிக்கு அளவு எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. போனில் உன்னிடம் எப்படி இரண்டு வருஷம் பேசினீர்கள் என்று கேட்டேன், அந்த இடம் அமைதியாக இருந்தது, நானும் மெதுவாக நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "ம், சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ, அம்மாகிட்ட தர்றேன். இந்த நாலும் எதுக்கும் பொருந்தும். அவ குரல் வந்தாலே நல்லாருக்கான்னு தெரிஞ்சுடும். ஒவ்வொரு வார்த்தைக்கும் என்ன என்னன்னு கேட்டா அவ்வளவு தூரத்துல இருக்கிற பொண்ணு பயந்துடாதா" என்றார். அப்படியானால் கல்யாணம் முடிந்த மறுநாள் அவள் பேசியது என்று இழுத்தேன். "அழுதா. எங்களை விட்டுட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோமேன்னு அழறான்னு நினைச்சேன். என்ன சொன்னான்னு தெரியல" என்றார். நீ அன்றைக்குச் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் நான் அவரிடம் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்பா, உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரலை, ஒரு தடவை மன்னிச்சேன்னு சொல்லுங்க, இல்லேன்னா திட்டவாவது செய்யுங்க என்று நீ கேட்டதை, ஸ்பீக்கரில் போட்ட போனுக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்" என்று கேட்டார்.

இனிமேல் இந்த வீட்டில் எதையும் விழுங்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சரி சரி, நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாகிட்ட தர்றேன் என்றுதான் சொன்னீர்கள் என்றேன். அவர் கைக்குட்டையை எடுத்தார், கண்ணாடியைக் கழற்றினார், அதைத் துடைக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார், எத்தனையோ பேர் போய் வருகிற இடம் என்று கூடப் பார்க்கவில்லை. பிள்ளை அப்படிக் கேட்டதற்கு நேரத்துக்குச் சாப்பிடு என்று சொன்ன அப்பன் நானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் மட்டுமா, நான் யார் சொல்லு. கூடவே இருக்கிறவள், சட்டைப் பொத்தான் தளர்ந்தாலே கண்டுபிடிக்கிறவள், அவர் பேசாததற்கெல்லாம் கோபம் என்று நானே பெயர் வைத்து, அதை உனக்கும் தபால் மாதிரி அனுப்பிக்கொண்டே இருந்தேன். அவர் உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, சொன்னது முழுக்க நான்தான்.

இனித் தீவு விஷயம். அப்பாவும் நானும் நன்றாகப் பேசி முடிவுக்கு வந்தோம், பேசி என்று எழுதுவதே எனக்குப் புதிதாக இருக்கிறது. அந்த இடம் அந்தக் காசுக்குத் தகுமா என்றால், கட்டில் தகும், அந்த மூலை மடிப்பைப் படத்திலேயே பார்த்தேன், வேலை தெரிந்த கை. சத்தமில்லாமல் இரண்டு பேர் உட்காருவதும் நல்லதுதான், அதில் பாதி நாளிலேயே எங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாயே. ஆனால் நீ எதை வாங்குவதற்காக அவ்வளவு பணத்தைக் கொட்டினாயோ அது அங்கே விற்கவில்லை, உன்மேல் அப்பாவுக்கு இருக்கிற பாசம் இல்லாமல் போகவே இல்லை. அதனால் இருபதாம் தேதிக்குள் ரத்து செய்துவிடு, தள்ளிப்போடாதே. திரும்பி வரும் பணத்தில் முதலில் உன் பல்லைப் பார், பிறகு நீயும் மாப்பிள்ளையும் இங்கே வருவதற்கு டிக்கெட் எடு, எத்தனை நாள் விடுப்பு கிடைக்கிறதோ அத்தனை நாள் வாருங்கள். மாப்பிள்ளையை நாங்கள் இன்னும் நேரில் பார்த்ததில்லை என்பதை அப்பா என்னிடம் இப்போது நாளைக்கு ஒரு தடவை சொல்கிறார். காதுக் கருவிக்கு நீ ஒன்றும் அனுப்பவேண்டாம், அவரே பார்த்துக்கொள்வார், அதில் தலையிட்டால் அவருக்கு உண்மையாகவே கோபம் வரும். எனக்கு அந்தக் கட்டில்மேல் ஓர் ஆசை இருந்தது, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், நீ வரும்போது உனக்கும் மாப்பிள்ளைக்கும் நான் விரித்துத் தருகிறேன், எவ்வளவு அழகாக விரிப்பேன் என்று நீயே பார்த்ததில்லை.

மாப்பிள்ளைக்கு எங்கள் இருவருடைய ஆசியையும் சொல், இருமலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல், நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் சொல்வதை ஒருவர் முகம் பார்த்துக் கேட்டுக்கொண்டு நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். கருவி பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை கைக்கு வருகிறது. இந்தக் கடிதம் அதற்குள் உனக்கு வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவேண்டாம், காலையில் அப்பாவே உன்னைக் கூப்பிடுவார். ஒரு தாளில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறார், நான் எட்டிப் பார்த்தால் மடித்துக்கொள்கிறார், என்ன எழுதுகிறார் என்று எனக்கே தெரியாது. போனை எடு, வேறு எதுவும் பேசாதே, அவர் சொல்லி முடிக்கட்டும். மறுபடியும் மன்னிப்பு என்று ஆரம்பித்துவிடாதே. உன் பங்கை நீ இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாய், இது அவர் சொல்லவேண்டிய பதில்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா